ஜெனரலின் கல்லில் ஒரு வரி

போன கிழமை மகள் வேலையால் வரும்போது ஒரு சுருள் பணிஸ் வாங்கிவந்தாள். வெட்டினால் உள்ளே கரிய களி ஒன்று சுருண்டு சுருண்டு போகிறது. கசகசாவாம், தேன் விட்டு அரைத்தது. எங்கள் ஊர்க்காரருக்குக் கசகசா என்றால் சர்பத்தில் வழுவழுவென்று மிதக்கிற விதைதான். அது வேறு, இது வேறு என்பதே எனக்குக் கனடா வந்து பல காலத்துக்குப் பிறகுதான் தெரியும். இந்தக் கசகசாவுக்கு ஒரு மணம் உண்டு. ஈர மண்ணும் பழைய அலுமாரியும் சேர்ந்த மணம். ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தேன். உட்காருமுன் அதன் மேல் மெல்ல ஒருமுறை ஊதினேன். "தூசியா அப்பா?" என்று மகள் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

தூசி இல்லை. அப்படி ஊதுகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. அதை நான் ஓர் உக்ரேனிய ஜெனரலின் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஜெனரலை நான் கண்டதில்லை. அவர் மொன்றியலில் இறந்தபோது நான் பிறக்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பெயர் வெட்டிய கல்லும் அவருடைய ஒரே மகளும்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. நான் கல்லறைக் கல் வெட்டுகிற கடை ஒன்றில் வேலை செய்தேன். மலையிலிருக்கிற பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு, எங்கள் பேச்சில் சேமக்காலைக்கு, போகிற வழியில், ஒரு பூக்கடைக்கும் ஒரு பீட்சாக் கடைக்கும் நடுவில் அந்தக் கடை இருந்தது. உளியும் சுத்தியலும் பிடித்துக் கல் கொத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிக்க வேண்டும். ரப்பர் இல்லாத இடத்தைக் கல் விட்டுக்கொடுக்கும். அவ்வளவுதான் என் கலை. கிரேக்கர், போர்த்துக்கேயர், சீனர், ஆர்மீனியர் என்று எல்லாப் பாஷையிலும் எழுதினேன். ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. ஊரில் ஒரு சிறுகதைக்காவது என் பெயர் அச்சில் வரவேண்டும் என்று அலைந்தவன், இங்கே வந்து ஒரு நகரத்தின் முழுப் பெயர்களையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலாளி இத்தாலியர். செத்தவர்களைப் போல நல்ல வாடிக்கையாளர் உலகத்தில் இல்லை, ஒருவரும் திரும்பிவந்து குறை சொல்ல மாட்டார்கள் என்பார். குறை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடிருப்பவர்கள்.

அப்போது நானும் அம்மாவும் பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடி வீடொன்றில் இருந்தோம். பின்னேரம் நான் கல்மாவோடு வந்து படியில் சப்பாத்தைத் தட்டும்போதே அம்மா உள்ளிருந்து கேட்பா: "இண்டைக்கு ஆர்?" அன்று எந்தப் பெயர்களை வெட்டினேன் என்று நான் ஒப்புவிக்க வேண்டும். அம்மா செபமாலையை எடுத்து ஒவ்வொருவருக்கும் மாதாவிடம் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுவா. உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிற ஆத்துமா எந்த நாட்டு ஆத்துமா என்று ஆண்டவர் பார்ப்பதில்லை என்பது அவவின் எண்ணம். ஒருமுறை ஒரு யூதப் பெயரைச் சொன்னேன். "மாதாவும் அந்தச் சாதிதானே" என்று சொல்லி அவருக்கும் ஒன்று சொன்னா.

மடாம் எங்கள் கடைக்கு வந்தது இலைகள் கொட்டி முடிந்த ஒரு நாள். கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரையும் நாங்கள் மடாம் என்றுதான் அழைப்போம். அந்தப் பெயரே ஜெனரலின் மகளான இவருக்கென்று எனக்கு நிலைத்துவிட்டது. எண்பதை நெருங்கிய வயது. நிமிர்ந்த முதுகு. நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் குனிந்து, அதன் மேல் மெல்ல ஊதிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்மா படிந்த கடைதானே. ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து மற்ற நாற்காலிகளையும் துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசியது பழைய காலத்துப் பிரெஞ்சு. ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து அதை மாற்ற என்னால் முடியாது. அப்படியே தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அப்பாவின்ர கல்லில ஒரு பெயர் வெட்டவேணும்," என்றார்.

"ஆற்ற பெயர் மடாம்?"

"அப்பாவின்ர தம்பியின்ர. அந்த்ரி."

முதலாளி அவருக்கு இருந்த சட்டச் சிக்கலைச் சொன்னார். அந்த நிலமும் கல்லும் மடாமுடையவை அல்ல. ஜெனரலின் கீழ் போர் செய்து, தோற்று, கப்பலேறி வந்தவர்கள் அமைத்த ஒரு பழைய படைவீரர் சங்கத்தினுடையவை. கல்லில் ஜெனரலின் பெயர் இருந்தது, கீழே அவர் மனைவியின் பெயர், அதற்குக் கீழே வெற்றாக ஒரு வரி. அந்த ஒரு வரியை மடாமுக்கென்று சங்கம் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தது. அதற்கு மேல் ஒரு எழுத்து வெட்டுவதென்றாலும் சங்கம் சம்மதிக்க வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் ஒரு கிழமை கழித்துக் கடைக்கே வந்தார். உயரமான, மொட்டைத் தலை மனிதர். மரியாதையானவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் மடாமோடு பேசினார்.

"உங்கட சித்தப்பா மற்றப் பக்கத்தில நிண்டவர், மடாம். அவையளாலை எங்கட பெடியள் எத்தனை பேர் செத்தவை. அந்தப் பிள்ளையளின்ர பிள்ளையள் சேர்ந்து வைச்ச கல் இது. அதில அவற்ற பெயரை எப்பிடிப் போடுறது?"

"அவருக்கு வேற எங்கையும் கல் இல்லை," என்றார் மடாம். "எங்க தாட்டதெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. நான் செத்தால் இப்பிடி ஒரு மனிசர் இருந்தவர் எண்டு சொல்லவும் ஆளில்லை."

"எனக்கு விளங்குது. ஆனால் ஏலாது."

செயலாளர் போன பிறகு மடாம் நெடுநேரம் எழும்பவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. அது எனக்கே வினோதமாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் முன்பே வேறு பாஷையில் கேட்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பனி விழத் தொடங்கியதும் மடாமால் கடைக்கு வர முடியாமல் போனது. சங்கத்தாருக்கு மறுபடி எழுதிக் கேட்கப்போவதாகவும், எழுத்துகள் எப்படி வரும் என்று வரைந்து காட்டினால் உதவும் என்றும் தொலைபேசியில் சொன்னார். முதலாளி என்னை அனுப்பினார். இப்படித்தான் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த மடாமுடைய வீட்டுக்கு நான் போகத் தொடங்கினேன். செங்கல் கட்டடம், இரண்டாம் மாடி, வெந்நீர்க் குழாய் எந்நேரமும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். வரவேற்பறையில் ஒரே ஒரு படம். இரண்டு இளம் வீரர்கள், நெஞ்சு நிறையக் கயிறும் பொத்தானும், ஆளுக்கொரு வாள். அதில் எது ஜெனரல் என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு ஒற்றுமை.

அவர்களுடைய குடும்பக் கதையை நான் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். மூதாதையர் ஆற்றங்கரைக் கொசாக்குகள். குதிரையும் வாளும் தவிர ஒன்றும் இல்லாதவர்கள். அவர்களில் ஒருவன் ஏதோ ஒரு சண்டையில் ரஷ்ய மகாராணிக்கு உதவப்போய், நிலமும் பட்டமும் பெற்றான். அதோடு குடும்பம் சீமான்களாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் பிரெஞ்சு படித்தார்கள். சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு, பட்டாளத்தில் ரஷ்யன். சொந்தப் பாஷை குதிரைலாயத்துக்கும் சமையல்கட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. "அப்பாவுக்கு உக்ரேனியன் கதைக்கப் பழக்கினது குதிரைக்காரன்தான்," என்றார் மடாம். "தளபதியா நிண்டு கட்டளை போடேக்கையும் குதிரைக்காரன்ர உச்சரிப்புத்தானாம். படையாட்கள் சிரிக்கிறவையாம்." எங்கள் ஊரில் வீட்டில் ஆங்கிலம் கதைத்துவிட்டு மேடையில் தமிழ் முழங்கிய பெருந்தலைகளை நினைத்து நானும் சிரித்தேன்.

அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளியில் படித்து ஒரே குதிரைப்படையில் சேர்ந்தார்கள். பேரரசு விழுந்தபோது இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு சாப்பாட்டு வேளையில், தாய் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் தன் தோள்பட்டைச் சின்னங்களை அறுத்து மேசையில் வைத்து, அரசருக்கு முந்தியே நாங்கள் கொசாக்குகள், இனி எங்கள் நாட்டுக்குத்தான் என் வாள் என்றார். தம்பி அந்த்ரி, நான் சத்தியம் செய்தது ஒருமுறைதான் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அவர் பேரரசை மீட்கப் புறப்பட்ட படையில் சேர்ந்தார். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் இரண்டு படைகளில்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று மடாம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. சங்கத்திலிருந்து பதில் வந்ததா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பேன். இல்லை என்பார்.

ஜனவரி ஆறாம் திகதி எங்களுக்கு மூன்று இராசாக்கள் திருநாள். அவர்களுக்கு அன்றுதான் நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, முந்தின நாள். வேலை முடிந்து வரும் வழியில் எழுத்து வரைந்த புதிய தாளைக் கொடுக்கப் போனேன். மடாம் கறுப்புப் பட்டு உடுத்து ஜன்னலடியில் நின்றார். முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாட்டில் கை வைக்கலாமாம். வானமோ ஒரே முகில். எதிர்ப்பக்கத்துத் தெப்பனர், அந்த மூலைச் சில்லறைக் கடைக்காரன், விளக்கைப் போட்டான். "அது காணும், நட்சத்திரத்துக்குப் பதிலா," என்று சொல்லித் திரும்பினார். "மிசியே, நீங்களும் இருங்கோ. இண்டைக்கு வந்த ஆளை அனுப்பக்கூடாது."

மடாம் எனக்கும் ஓர் இடம் போட்டார், மேசையில் மூன்று பேருக்கு இடம் ஆனது. மேசைவிரிப்புக்குக் கீழே வைக்கோல். மடாம் தன் நாற்காலியில் ஊதினார். என் நாற்காலியிலும் வந்து ஊதினார். அப்போதுதான் கேட்டேன். இன்றைக்கு வீட்டின் செத்தவர்கள் எல்லாரும் வருவார்களாம். கதிரையில் யாராவது இருந்தால் அவர்களின் மேல் உட்கார்ந்துவிடாமல் ஊதிவிட்டுத்தான் இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் வருடத்தில் ஒரு நாள் ஊதுவார்கள். "அப்பா எல்லா நாளும் ஊதுவார். இஞ்ச வந்து காவல்காரனா வேலை செய்யேக்க, ட்ராம்வேயில ஏறினாலும் சீற்றில ஊதிப்போட்டுத்தான் இருப்பார். சனம் சிரிக்கும். எனக்கும் பழகிப்போச்சு."

கோதுமையை அவித்து, தேனும் அரைத்த கசகசாவும் விட்ட ஒரு பண்டம். முதலில் அதுதான். மூன்று தட்டுகளிலும் ஒவ்வொரு கரண்டி வைத்தார். பிறகு எங்கள் கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம் மாதிரி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து அவித்த ஒன்று. அதையும் மூன்று தட்டுகளிலும் வைத்தார். வைத்துவிட்டு பீற்றூட் சூப் எடுத்துவரக் குசினிக்குள் போனார்.

நான் மூன்றாவது தட்டைப் பார்த்தேன். சூடு ஆறிக்கொண்டிருந்தது. யாரோ பிந்தி வரப்போகிறார்கள் என்றுதான் என் மூளைக்குப் பட்டது. செத்தவர்களைப் பற்றி அப்போதுதான் கேட்டிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. பிந்தி வருகிறவனுடைய சாப்பாட்டை எங்கள் வீடுகளில் திறந்து வைப்பதில்லை. பக்கத்திலிருந்த சூப் தட்டொன்றைக் கவிழ்த்து அதை மூடினேன்.

மடாம் சூப்போடு வந்தவர் அப்படியே நின்றார்.

"ஆர் மூடினது?"

"நான்தான். வாற ஆள் பிந்தினால் ஆறிப்போகும் எண்டு."

"இது செத்தவையின்ர கோப்பை. காலமை வரைக்கும் திறந்துதான் கிடக்கும்."

தட்டைத்தான் எங்கள் பக்கத்தில் கோப்பை என்போம். எடுக்கக் கை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "பிந்தி வாற ஆள்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். சூப்பை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இந்த முறை ஊதவில்லை.

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள், மிசியே? உங்கட வீட்டில ஆர் பிந்தி வாறது?"

அதுவரை கனடாவில் நான் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். எனக்கொரு அண்ணன் இருந்தான், சீலன். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பெடியங்களும் ஓர் இயக்கத்துக்குப் போனபோது, அவன் வேறோர் இயக்கத்துக்குப் போனான். இரவில் பசியோடு வருவான் என்று அம்மா அவன் சோற்றைக் கோப்பை கவிழ்த்து மூடி வைப்பா. சில இரவுகளில் வருவான், சில இரவுகளில் வரமாட்டான். பிறகு ஒருநாள் அவனைச் சுட்டுவிட்டார்கள். சுட்டது ஆமிக்காரன் இல்லை. எங்கள் ஒழுங்கைப் பெடியங்கள்தான். உடலும் தரவில்லை. அம்மா அதற்குப் பிறகும் சோற்றை மூடி வைத்துக்கொண்டுதான் இருந்தா. மொன்றியலுக்கு வந்த பிறகும் அவன் படத்தை ஹோலில் மாட்டவில்லை. வருகிறவர்கள் யார் என்று கேட்பார்கள், சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்கள். நவம்பரில் மண்டபத்தில் போரில் செத்த பிள்ளைகளின் படங்களை வரிசையாக வைத்துப் பூப் போடுவார்கள். அம்மா போவா. கடைசி வரிசையில் இருந்துவிட்டு வருவா. அவவின் மகனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை.

மடாம் கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் டக் டக்கென்று அடித்தது. பிறகு அவரும் தன் மிச்சக் கதையைச் சொன்னார்.

ஒரு பனி மாரியில், ஏதோ ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெனரலின் படை எதிரிகளைப் பிடித்தது. பிடிபட்ட அதிகாரிகளைச் சுடுவதென்று முடிவானது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் அதுதான் வழக்கமாம். ஒரு இளநிலை அதிகாரி ஜெனரலிடம் வந்து, கைதிகளில் ஒருவர் உங்கள் தம்பி என்று சொல்கிறார் என்றான். படையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியை விட்டால் மற்றவர்களையும் விடவேண்டும். முந்தின மாதம் தங்கள் தம்பிமாரைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"எனக்குத் தம்பி இல்லை எண்டு அப்பா சொன்னாராம்," என்றார் மடாம். "அவ்வளவுதான். அம்மா சாகேக்க எனக்குச் சொன்னவ. ஒவ்வொரு வருசமும் இந்த மேசையில செத்தவையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேணும். அப்பா தன்ர அப்பா, அம்மா, பாட்டன், பூட்டன் எல்லாரையும் கூப்பிடுவார். தம்பியை மட்டும் கூப்பிடமாட்டார். ஆனால் கதிரையில ஊதுவார். அந்த்ரி அதில இருக்கிறார் எண்டு அப்பாவுக்குத் தெரியும். எல்லாக் கதிரையிலயும் இருந்தவர்."

நான் உட்கார்ந்திருந்த கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. மடாம் ஜன்னல் பக்கம் திரும்பி, தன் பாஷையில் ஏதோ சொன்னார். நீளமான அழைப்பு. நடுவில் அந்த்ரி என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. பிறகு எழும்பி, நான் மூடிய தட்டைத் திறந்துவிட்டார்.

சங்கத்தின் பதில் மாசி கடைசியில் வந்தது. ஏலாது என்பதுதான். கடைக்குத் தொலைபேசி எடுத்து மடாம் முதலாளியிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். கல்லில் தனக்கென்று இருக்கிற அந்த வரியில் எழுதச் சங்கத்தின் சம்மதம் இன்னொரு முறை வேண்டுமா? வேண்டாம் என்றார் முதலாளி. அது எழுதிக் கொடுத்த வரி, பெயரை இப்போதே வெட்டி வைக்க விரும்பினால் வெட்டலாம், பலபேர் அப்படிச் செய்கிறார்கள்.

"நல்லது. அதில அந்த்ரியின்ர பெயரை வெட்டுங்கோ."

முதலாளி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அதில் பேசினார். "மடாம், பேந்து உங்கட பெயருக்கு இடம் இல்லை. கல்லில வெட்டினால் வெட்டினதுதான்."

"ஓம். எனக்குத் தெரியும்."

நிலம் இளகும்வரை பொறுத்திருந்து, வசந்தத்தில் கடையின் வான் வண்டியில் கம்பிரசரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். கல்லைச் சுற்றிக் கூடாரம் போட்டு, ரப்பரை ஒட்டி, மணலை அடித்தேன். மடாம் மடக்குக் கதிரையில் சற்றுத் தள்ளி இருந்தார். வருடக்கணக்கில் செய்த வேலை, அன்றைக்குத்தான் ஒரு எழுத்துப் பிசகினால் என்ன ஆகும் என்று பயந்தேன். ரப்பரை உரித்தபோது மடாம் எழும்பி வந்து ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். விரலில் ஒட்டிய கல்மாவைத் துடைக்கவில்லை.

செயலாளருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார். கல்லின் முன் நின்று வாசித்தார். கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உங்கட வரியைக் குடுத்துட்டீங்கள்," என்றார். "சங்கம் இன்னொரு வரி தராது, மடாம்."

"நான் கேக்கமாட்டன்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். அழிக்க வழியிருந்தால் அழித்திருப்பாரோ என்னவோ. அழிப்பதென்றால் கல்லின் முகத்தையே தேய்த்து எடுக்க வேண்டும், ஜெனரலின் பெயரும் அதோடு போய்விடும்.

அன்று பின்னேரம் நான் படியேறும்போதே அம்மா கேட்டா. "இண்டைக்கு ஆர்?"

"அந்த்ரி எண்டு ஒரு ஆள் அம்மா. எங்கட பெலவேந்திரம்தான்." அந்த்ரி என்கிற பெயருக்கு எங்கள் வேதக்காரர் வைத்த தமிழ் அது.

"எந்த ஊர்?"

சப்பாத்தைக் கழற்றாமலே கதை முழுவதையும் சொன்னேன். அண்ணனையும் தம்பியையும், எனக்குத் தம்பி இல்லை என்று சொன்னதையும், வரியைக் கொடுத்ததையும். அம்மா செபமாலையை உருட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தா.

"அப்ப அந்த மனிசி எங்க படுக்கப்போறா?"

"அதிலதான். பேரில்லாமல்."

அம்மா செபமாலையின் அடுத்த மணியைப் பிடித்தா. பிறகு பெலவேந்திரத்துக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொன்னா. சொல்லி முடித்துவிட்டு, சுவர் மெல்லிய அந்த வீட்டில், கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்கும்படியாக, "சீலனுக்கும் ஒண்டு," என்றா. அவன் செத்த பிறகு அவன் பெயரை அம்மா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மடாம் அதற்குப் பிறகு இரண்டு மாரி காலம் இருந்தார். மூன்றாவது மாரி தொடங்குமுன் போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் முதலாளியும் போனோம். செயலாளரும் வந்து, கடைசி ஆளாக ஒரு பிடி மண் போட்டார். தலைமாட்டில் மடாமுடைய பெயர் எழுதிய ஒரு மரச்சிலுவையை நட்டார்கள். அடுத்த வசந்தத்தில் பனி கரைந்தபோது அது இல்லை. புல் வெட்டுகிறவர்கள் எடுத்திருப்பார்கள்.

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி பதித்த கொண்டோ மாடிக்கட்டடம் நிற்கிறது. பூக்கடையும் பீட்சாக் கடையும்கூட அதற்குள்ளே போய்விட்டன. முதலாளி தன் மகளோடு இருக்கப் போனார், பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. சங்கத்தின் மண்டபத்தை விற்றுவிட்டார்கள், அங்கே ஒரு கார்டரி, பிள்ளைகள் காப்பகம், நடக்கிறது, வேலியில் குழந்தைகளின் கைச்சுவடுகளை வர்ணத்தில் பதித்திருக்கிறார்கள். அம்மா போய்ப் பல வருடமாகிறது.

பணிஸ் சாப்பிட்ட அடுத்த ஞாயிறு நான் மலைக்குப் போனேன். ஜெனரலின் கல்லடியில் இளம் பிள்ளைகள் சிலர் நின்றார்கள். இப்போதைய போருக்குப் பிறகு இங்கே வந்தவர்கள் என்று நினைக்கிறேன். நீலமும் மஞ்சளுமாக ஒரு சிறிய கொடியைக் குத்தி, தொலைபேசியில் படம் எடுத்தார்கள். ஒரு பெண்பிள்ளை கல்லை வாசித்து, ஜெனரல், மனைவி, சகோதரன் என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு சிவப்புக் குவளை விளக்கு ஏற்றினாள். மூன்று பெயர், மூன்று விளக்கு. கீழே கிடப்பவர்களும் மூன்று பேர்தான். கணக்கு ஒத்துப்போகிறது, அதனால் யாருக்கும் ஒரு கேள்வியும் வராது.

நான் அவர்களிடம் சொல்லப் போனேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அவர்கள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்கள்.

மடாமுடைய பெயர் ஒலேனா.